காக்கை இல்லாத தீவில் தம்பியின் திதி

கப்பலில் ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு செம்பு நல்ல தண்ணீர். குடிக்க, வாய் கொப்பளிக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். குளிப்பது கடல் தண்ணீரில். அரிசி களைவதும் கடல் தண்ணீரில். தாராவியில் எங்கள் சந்துக் குழாயடியில் ஒரு குடத்துக்காக நான் எத்தனையோ பேரோடு சண்டை பிடித்திருக்கிறேன். முதல் நாள் காலையில் அந்த இரண்டு செம்பையும் முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது, அவர்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் போல இருந்தது.

நான் மாதுங்காவில் ஒரு மளிகைக் கடையில் பொட்டலம் கட்டுகிறவன். ஐந்தாம் வகுப்பு வரை படிப்பு. கடல் என்றால் எனக்கு மாஹிம் கரையில் நின்று கால் நனைப்பதுதான். அப்படிப்பட்டவன் நாற்பத்து மூன்று வயதில், சீனச் சண்டை ஓய்ந்த அந்தத் தை மாதம், பாய்மரக் கப்பலில் சமையல்காரனாக ஏறி லட்சத்தீவுப் பக்கம் போனேன். என் தம்பி சுப்பையா செத்த நாள் எது என்று கேட்டு வருவதற்காகப் போனேன்.

சுப்பையா அதே கப்பலில் பண்டாரி. கப்பல் சமையல்காரனைப் பம்பாயில் அப்படித்தான் சொல்வார்கள். அரிசியும் கூரை ஓடும் ஏற்றிக்கொண்டு தீவு தீவாகப் போய், கயிறும் கொப்பரையும் ஏற்றிக்கொண்டு திரும்புகிற கப்பல். போன வைகாசியில் அவனுக்கு விடாத காய்ச்சல். மழைக்காற்று தொடங்கிவிட்டால் நாலு மாதம் அந்தக் கடலில் கப்பல் ஓடாது. சீக்காளியை வைத்துக்கொண்டு புயலில் மாட்ட வேண்டாம் என்று, ஒரு தீவில் தெரிந்த வீட்டில் அவனை விட்டுவிட்டு வந்தார்கள். ஐப்பசியில் திரும்பிப் போனபோது அவன் மண்ணுக்குள் இருந்தான்.

கார்த்திகையில் தண்டேல் காசம் பாய் தாராவிக்கு வந்து சொன்னார். கப்பலை நடத்துகிறவர் அவர்தான், குஜராத்தில் கச்சுப் பக்கத்துக்காரர். வீட்டுக்குள் வரமாட்டேன் என்று வாசலிலேயே நின்றார். சுப்பையாவின் தகரப் பெட்டியைக் கீழே வைத்தார். எந்த நாள் என்று கேட்டதற்கு, மழைக்கு நடுவில் என்றார். கஷ்டப்படாமல் போய்விட்டான் என்றும் சொன்னார்.

திதி செய்துவைக்கிற மாதுங்கா வாத்தியாரிடம் போனேன். "மழைக்கு நடுவிலேன்னா அது என்ன கணக்கு ஓய்? மாசம், பட்சம், திதி மூணும் வேணும். தெரியலேன்னா அமாவாசையிலே பண்ணலாம், சாஸ்திரத்திலே இடம் இருக்கு" என்றார். நான் சரி என்றுதான் வந்தேன்.

தம்பி மனைவி பேச்சியம்மாள் சரி என்று சொல்லவில்லை. அவளுக்குப் பிள்ளை இல்லை. எங்களோடுதான் இருந்தாள்.

"பிள்ளையார் சதுர்த்திக்கு அவியளுக்குன்னு கொழுக்கட்டை தனியா எடுத்து வச்சு வேண்டிக்கிட்டேன். நல்லபடியா வரட்டும், நூத்தியெட்டு தேங்கா உடைக்கேன்னு. அன்னைக்கு அவிய இருந்தாவளா, இல்லையா? அதச் சொல்லச் சொல்லுங்க அத்தான். நாள் தெரியாம நான் தாலியக் கழத்தமாட்டேன்" என்றாள்.

அக்கம்பக்கத்தில் பேசினார்கள். புருஷன் செத்தும் தாலியோடு இருக்கிறாளே என்று என் காதுபடவே சொன்னார்கள். என் மனைவி கோமதிதான், "நீங்க போயிட்டு வந்திருங்க. அவ இப்பிடியே இருந்தா நம்ம எல்லாருக்கும் பைத்தியம் பிடிச்சிரும்" என்றாள். தண்டேலிடம் கேட்டேன். வேறு பண்டாரி கிடைக்கவில்லை, நீயே வா என்றார்.

முதல் மூன்று நாளும் நான் சமைக்கவில்லை, கிடந்தேன். தலையைத் தூக்கினால் குடல் வாய்க்கு வந்தது. முருகா முருகா என்றால் அதுவும் பாதியில் நின்றது. நாலாம் நாள் எழுந்து பருப்பு வைத்தேன். கப்பலில் அடுப்பு என்பது மணல் நிரப்பிய ஒரு தகரப் பெட்டி, அதன்மேல் மூன்று கல். காற்றுக்கு முதுகைக் காட்டிக் குந்தி, இரண்டு முழங்காலாலும் பெட்டியை அணைத்துக்கொள்ள வேண்டும். எனக்கு அது தெரியாது. ஒரு அலைக்குப் பெட்டி சாய்ந்து, பருப்பு முழுக்கக் கடலுக்குப் போனது.

எட்டு ஆட்களும் சிரித்தார்கள். தண்டேல் சொன்னார்: "உன் தம்பியும் முதல் நாள் மீனுக்குத்தான் பரிமாறினான். இந்தக் கடல் மீனெல்லாம் மதராஸிப் பருப்புத் தின்று வளர்ந்தது." அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

நாங்கள் சைவம். மீனை அவர்களே தனியாகச் சுட்டுக்கொண்டார்கள். சுப்பையாவுக்கும் அதே ஏற்பாடுதானாம். அவனுடைய சின்ன வெண்கலப் பானை சரக்கறையில் ஒரு மூலையில் கவிழ்த்து வைத்திருந்தது. அடியில் ஆணியால் வேல் கீறியிருந்தான். அது சுப்பையா பானை, நாங்கள் தொடுவதில்லை என்றான் ஒருவன். அதில்தான் எனக்குக் கஞ்சி வைத்துக்கொண்டேன். கப்பல் முழுக்கக் கயிறும் பாயும் மரமும் என்பதால் விளக்கு ஏற்ற விடவில்லை. திரியை எண்ணெயில் நனைத்து, ஏற்றாமலே வேலன் படத்துக்கு முன்னால் வைத்தேன். சாமிக்குத் தெரியாதா என்ன.

காலையில் கடல் தண்ணீரை வாளியில் இறைத்து ஊற்றிக்கொள்வேன். உப்புப் பூத்த உடம்பில் திருநீறு பூசினால் எது உப்பு, எது திருநீறு என்று தெரியாது. வெயில் ஏறினால் பாயின் நிழல் எங்கே போகிறதோ அங்கே எல்லோரும் நகர்ந்துகொண்டே இருப்பார்கள். நிழலுக்கு இடம் பிடிக்க லோக்கல் ரயிலில் இடம் பிடிப்பது மாதிரி ஒரு தள்ளுமுள்ளு. மத்தியானம் கிழிந்த பாயைத் தைப்பார்கள். சாக்குத் தைத்த கை என்பதால் அந்த வேலை மட்டும் எனக்கு வந்தது. "கடைக்காரா, இங்கேயே இருந்துவிடு" என்றார்கள்.

முதலில் சேர்ந்த தீவு நாங்கள் போக வேண்டியது அல்ல. ஆனாலும் அங்கே நடந்ததைச் சொல்ல வேண்டும். கரைக்கு வெகு தூரத்திலேயே கப்பலை நிறுத்தினார்கள். தீவைச் சுற்றியிருந்த பவளப் பாறைக்கு உள்ளே தண்ணீர் பச்சைக் கண்ணாடி மாதிரி. சிறிய படகில் அரிசி மூட்டையோடு என்னை இறக்கினார்கள். கரை நெருங்கியதும் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். கரையில் நின்ற ஒருவர் கையை ஆட்டிக்கொண்டு தண்ணீருக்குள்ளேயே ஓடி வந்தார். முட்டளவு தண்ணீரில் நின்று என் தோளைப் பிடித்துக்கொண்டு, "பண்டாரி, காய்ச்சல் விட்டதா?" என்று கேட்டார்.

எனக்கும் சுப்பையாவுக்கும் ஒரே முகச்சாடை. திருநீறும் ஒரே மாதிரிதான் பூசுவோம். பின்னால் வந்த தண்டேல் அவர் காதில் ஏதோ சொன்னார். அந்த மனிதர் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டு, என் தலைமேல் இருந்த மூட்டையைத் தானே வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். சாப்பாட்டு நேரத்தில் இளநீரும் தேங்காய்ப் பாலில் வெந்த சோறும் கொடுத்தார்கள். சாப்பிட முடியவில்லை. தீவு அழகாகத்தான் இருந்தது. அழகை எழுத எனக்கு மனசு வரவில்லை.

அடுத்த தீவுக்குப் போகும் வழியில் காற்று செத்துவிட்டது. இரண்டு பகல் கப்பல் நின்ற இடத்திலேயே நின்றது. தண்ணீர் ஆளுக்கு ஒரு செம்பாகக் குறைந்தது. மூன்றாம் நாள் காலையில் தண்டேல் கடலுக்கு ஒரு தேங்காய் விட்டார், நானும் என் பங்குக்கு ஒன்று விட்டேன். யார் தேங்காய்க்குக் காற்று வந்தது என்று ஆட்கள் மாலை வரை வழக்காடினார்கள்.

மறுநாள் பத்து மணிக்குச் சுப்பையா இருக்கும் தீவைப் பார்த்தேன். இருக்கும் என்றுதான் எனக்கு வாயில் வருகிறது.

ஒரு முனையில் நின்று கத்தினால் மறுமுனைக்குக் கேட்கும் போல ஒரு சின்னத் தீவு. எங்கும் தென்னை. அவர்கள் பேசுவது மலையாளம் மாதிரி. பாதி எனக்குப் புரிந்தது, மீதிக்குத் தண்டேல் இருந்தார். பள்ளிவாசலில் பாங்கு சொல்கிற முக்ரி எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். மெலிந்த, அமைதியான மனிதர்.

அவர்கள் புதைக்கும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, புன்னை மரத்தடியில் சுப்பையாவை வைத்திருந்தார்கள். தலைமாட்டில் ஒரு வெள்ளைப் பவளக் கல். அவ்வளவுதான். முக்ரி சொன்னார்: "உங்கள் முறை எரிப்பது என்று தெரியும். மழையில் காய்ந்த விறகு ஒன்றும் இல்லை. எங்கள் தொழுகையை அவர்மேல் தொழவில்லை. கேட்காமல் செய்வது சரியில்லை என்று பட்டது. ஊரில் உள்ள ஆண்கள் எல்லோரும் வந்து பேசாமல் நின்றோம். தலையை எந்தப் பக்கம் வைப்பது என்றுதான் ரொம்ப நேரம் யோசித்தோம். தெற்கே தன் ஊர் என்று சொல்லியிருக்கிறாராம். தெற்கே வைத்தோம்."

தெற்கேதான் வைக்க வேண்டும். அவர்களுக்கு எப்படித் தோன்றியதோ.

கற்பூரம் ஏற்றினேன். காற்றில் நிற்கவில்லை. மூன்று தரம் அணைந்தது. முக்ரி தன் தோள் துண்டை எடுத்து இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து மறைத்தார். அவர் பிடித்துக்கொண்டிருந்த வரையில் அது எரிந்தது.

சுப்பையாவின் பானையிலேயே சோறு வடித்துப் பிடி வைத்து, எள் தூவி, காக்கையைக் கூப்பிட்டேன். கா, கா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். ஒன்றும் வரவில்லை. வேலியோரம் நின்ற பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் தண்டேல் மெதுவாகச் சொன்னார்: "பண்டாரி, இந்தத் தீவில் காக்கை கிடையாது."

பம்பாயில் காக்கை இல்லாத கூரை உண்டா? காக்கை இல்லாமல் ஒரு ஊர் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. பிடி அங்கேயே கிடந்தது. கடைசியில் சங்கை முதுகில் சுமக்கிற சின்ன நண்டுகள் ஊர்ந்து வந்து, பருக்கை பருக்கையாக எடுத்துக்கொண்டு போயின. அவன் அந்த உருவில் வந்தான் என்று நினைத்துக்கொள்ள முயன்றேன்.

அதற்குப் பிறகுதான் நாளைக் கேட்டேன். முக்ரி யோசிக்கவே இல்லை. "நபி பிறந்த மாதம் கழிந்து அடுத்த பிறை கண்டோம். கண்ட நாளுக்கு மறுநாள் இல்லை, அதற்கு மறுநாள். அஸர் பாங்கு சொல்லப் போகும்போது ஆள் வந்து சொன்னது" என்றார். அஸர் என்றால் நமக்குச் சாயங்காலம் நாலு மணிவாக்கில்.

அவர்களும் நிலாவை வைத்துத்தான் நாள் எண்ணுகிறார்கள். நபி பிறந்த நாள் ஊர்வலம் பம்பாயில் போனது ஆடிக் கடைசி. அப்படியானால் அடுத்த பிறை ஆவணி. பிறை கண்ணில் படுவது துவிதியை. மறுநாள் திருதியை. அதற்கு மறுநாள். விரலை மடக்கிக்கொண்டே வந்தவன் அந்த விரலில் நின்றுவிட்டேன். ஆவணி வளர்பிறைச் சதுர்த்திக்குப் பஞ்சாங்கம் வேண்டாம். அது பிள்ளையார் நாள் என்று பம்பாயில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும்.

"பிறை கண்ட அன்றைக்கு மேகம் இருந்ததா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"இருந்தது. ஒருவர்தான் பிறையைக் கண்டதாகச் சொன்னார்."

அது போதும் என்று நினைத்தேன். பிறையை ஒரு நாள் தாமதமாகக் கண்டிருந்தால் அவன் போனது பஞ்சமி. சதுர்த்தியன்று உயிரோடுதான் இருந்தான், நீ வேண்டியது வீண் போகவில்லை என்று பேச்சியிடம் சொல்லிவிடலாம்.

அவனை வைத்துப் பார்த்த வீட்டுக்குப் போனோம். குஞ்ஞீபி என்று ஒரு அம்மா. என் வயதுதான் இருக்கும். பாய் போட்டு உட்காரவைத்து, தென்னம் பதநீரைக் காய்ச்சிச் செய்த வெல்லமும் தண்ணீரும் கொடுத்தார். மழைக்காலத்தில் கப்பல் வராததால் தீவில் அரிசி அநேகமாகத் தீர்ந்துபோனதாம். ஊர் முழுக்க மீனும் தேங்காயும்தான்.

"அவர் மீன் தொடமாட்டார். காய்ச்சலில்கூட வாயை மூடிக்கொள்வார். அதனால் ஊரில் எந்த வீட்டில் அரிசி மிச்சம் இருந்ததோ அந்த வீட்டிலிருந்து தினம் ஒரு பிடி இங்கே வரும். கஞ்சிக்கு" என்றார் குஞ்ஞீபி.

"கடைசி நாள் எப்படி இருந்தான்?" என்றேன்.

"காலையில் தெளிவாக இருந்தார். ஈர மணல் கேட்டார். பிடித்து இவ்வளவு உயரம் கூம்பு மாதிரி வைத்தார். அதன் தலையில் புல் செருகச் சொன்னார். தேங்காய்ப் பூவும் வெல்லமும் கேட்டு அதற்கு முன்னால் வைத்தார். பிறகு இப்படிச் செய்தார்" என்று சொல்லி, அந்த அம்மா தன் இரண்டு கைகளையும் மாறாக வைத்து நெற்றிப் பொட்டில் குட்டிக்கொண்டார். "தலைவலி என்று நினைத்துவிட்டேன். எண்ணெய் எடுத்து வந்து நெற்றியில் தேய்த்துவிட்டேன். பேசாமல் இருந்தார். சிரித்தார்."

நான் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். தண்டேலுக்கும் விளங்கவில்லை, அந்த அம்மாவுக்கும் விளங்கவில்லை. தலைவலியை இன்னும் நன்றாகப் பார்த்திருக்க வேண்டுமோ என்று அந்த அம்மாவும் அழுதார். அது தலைவலி இல்லை, பிள்ளையாருக்குப் போடுகிற குட்டு என்று தண்டேல் வழியாகச் சொல்வதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

"நாள் எப்படித் தெரிந்தது அவனுக்கு?"

குஞ்ஞீபி உள்ளே போய் ஒரு கயிறு எடுத்துவந்தார். தென்னங்கயிறு. தினம் ஒரு முடிச்சு. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் மட்டும் பெரிய முடிச்சு. கடைசிப் பெரிய முடிச்சுக்கு அப்பால் எண்ணினேன். நாலு. அதற்கப்பால் வெறுங்கயிறு.

திரும்பும்போது கப்பல் கொப்பரை வாசனை. கொப்பரையில் வரும் சின்ன வண்டு சோற்றில், காதில், திருநீற்றுப் பையில் எங்கும் நுழைந்தது. எனக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு வெறுங்கயிற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இன்னொரு முடிச்சுப் போட எவ்வளவு நேரமாகும்? அஞ்சு ஆகிவிட்டால் பஞ்சமி. பேச்சி நம்புவாள். ஆனால் தப்பான திதியில் கொடுப்பது அவனுக்குப் போய்ச் சேருமா? உயிரோடு இருப்பவளுக்குச் செய்வதா, செத்தவனுக்குச் செய்வதா? வேலனிடம் கேட்டேன். விளக்கில்லாத சாமி ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு நாள் மத்தியானம் கை முடிச்சுப் போடவே போய்விட்டது. தண்டேல் சுக்கானுக்குப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன கட்டுகிறாய்?"

சொன்னேன். அவர் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "உங்கள் வீட்டு வாசலில் நான் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இருக்கிறதா? கஷ்டப்படாமல் போய்விட்டான் என்று சொன்னேன். நான் எங்கே பார்த்தேன்? நான்தான் விட்டுவிட்டு வந்தவன் ஆயிற்றே. அந்தப் பெண் மனசு ஆறட்டும் என்று சொன்னேன். அன்றையிலிருந்து அது எனக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. உனக்கும் ஒன்று வேண்டுமா?"

முடிச்சை இறுக்குமுன் அவிழ்த்துவிட்டேன்.

மாசிக் கடைசியில் தாராவி வந்து சேர்ந்தேன். சந்துக்குள் நுழையும்போதே குழாயடியில் சண்டை கேட்டது. குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். பேச்சி தூணோரம் நின்றாள்.

"சொல்லுங்க அத்தான்."

கயிற்றைக் கொடுத்தேன். பெரிய முடிச்சு அமாவாசை, பௌர்ணமி என்று மட்டும் சொன்னேன். அவள் கீழே உட்கார்ந்து ஒரு நுனியிலிருந்து எண்ணிக்கொண்டே வந்தாள். கடைசி நாலு முடிச்சை இரண்டு தரம் எண்ணினாள்.

"சதுர்த்தியா?"

"ஆமா தாயி. சாயங்காலம் நாலு மணிக்கு." பிறகு மணலையும் புல்லையும் தேங்காய்ப் பூவையும் சொன்னேன். குட்டிக்கொண்டதையும், அந்த அம்மா எண்ணெய் தேய்த்ததையும், அரிசி தீர்ந்த ஊரில் அவன் கஞ்சிக்கு வீடு வீடாக ஒரு பிடி வந்ததையும் சொன்னேன்.

கோமதி அழுதாள். பேச்சி அழவில்லை.

"அங்கயும் கும்பிட்டாவளா," என்றாள். கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, "நான் எடுத்து வச்ச கொழுக்கட்டைய அன்னைக்கு விளக்கு வைக்கது வரைக்கும் யாருக்கும் குடுக்கல அத்தான். கோமதி அக்கா கேட்டாவ, புளிச்சிருமேன்னு. நான்தான் அவியளுக்குள்ளதுன்னு மூடியே வச்சிருந்தேன். அப்போ அது அவியளுக்குப் போயிருக்கும், இல்லையா?"

"போயிருக்கும்" என்றேன். இதை மட்டும் நான் யோசிக்காமல் சொன்னேன்.

"அரிசி இல்லாத ஊர்லயும் பட்டினியாப் போகல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுந்தாள். மறுநாள் விடியுமுன் கோமதியைக் கூப்பிட்டாள். அவள் தாலியைக் கழற்றிய நேரத்தில் நான் வெளியே குழாயடியில் நின்றேன். வரிசையில் என் முறை வந்தது. பின்னால் நின்றவரை முதலில் தண்ணீர் பிடித்துக்கொள்ளச் சொன்னேன்.

அந்த ஆவணியில் ஊரெல்லாம் மேளம் அடித்துப் பிள்ளையாரைக் கொண்டுவந்த நாளில் எங்கள் வீட்டில் திதி. வாத்தியார் வந்து செய்துவைத்தார். இலையில் வைக்கக் கூடியது, கூடாதது எல்லாவற்றையும் முன்னாலேயே சொல்லியிருந்தார். எல்லாம் முடிந்து காக்கைக்கு வைக்க எடுத்துப் போகும்போது, பேச்சி உள்ளிருந்து வந்து இலை ஓரத்தில் ஒரு கொழுக்கட்டையை வைத்தாள். வாத்தியார் பார்த்தார். சுவர்ப் பக்கம் திரும்பித் துண்டை உதறிக்கொண்டார்.

தகரக் கூரைமேல் இலையை வைத்துக் கூப்பிட்டேன். ஒரு தரம் கூப்பிட்டதற்கே பத்துக் காக்கை வந்தது. முதலில் வந்தது சோற்றைத் தொடவில்லை. கொழுக்கட்டையைத்தான் எடுத்தது.